ஆயுத பூஜைக்குக் கழுவிய பாட்டில்கள்

என் புருஷன் செத்து ஒரு வருஷம் தாண்டியும் எனக்கு அழுகை வரவில்லை. காரியத்தன்று சொந்தக்காரப் பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராததை நான் எங்கே போய்க் கொண்டுவருவது? சோறு வடித்தேன், சாப்பிட்டேன், கொய்யாத் தோப்புக்குப் போனேன்.

உத்திரமேரூர் பக்கத்தில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் கொய்யா. மருந்தடித்துவிட்டுத் தலை சுற்றி விழுந்த ஒரு நாளோடு அவர் ஸ்பிரே டேங்கை மூலையில் போட்டுவிட்டார். அதற்குப் பதில் பழ ஈக்குப் பொறி வைத்தார். காலித் தண்ணீர் பாட்டிலில் நாலு ஓட்டை, உள்ளே கவர்ச்சி மருந்தில் ஊறிய ஒரு ப்ளைவுட் துண்டு, அவ்வளவுதான். அந்த வாசனைக்கு ஆண் ஈக்கள் உள்ளே வந்து செத்துவிடும். ஜோடி கிடைக்காத பெண் ஈ பழத்தில் முட்டையிட்டாலும் பொரியாது. மாதம் ஒருமுறை துண்டை மறுபடி ஊறவைக்க வேண்டும். உதிர்ந்த பழத்தை அன்றன்றைக்கே பொறுக்கிக் குழியில் மூட வேண்டும். அவருக்குப் பிறகு இதெல்லாம் என் வேலை.

தோப்பில் பாதி கொழுந்தனுடையது. மரத்தை வெட்டிவிட்டுச் சவுக்கு போட அவருக்கு ஆசை.

"இந்தக் காய்ப்ப பாப்போம் அண்ணி. புழு வந்துச்சுன்னா வெட்டிடலாம். ஒண்டியா நீ இன்னா பண்ணுவ?" என்றார்.

சரி என்றேன். அப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் சரிதான். மரம் போய்விட்டால் காலையில் எழுந்து போக எனக்கு இடமில்லை என்பது மட்டும் தெரிந்தது.

முதல் வருஷம் சாவு வீட்டில் பண்டிகை கிடையாது. வருஷத் திதி முடிந்து வந்த ஆயுத பூஜைக்கு, விட்டுப்போனதையும் சேர்த்துச் செய்கிறவள் மாதிரி எல்லாவற்றையும் கழுவினேன். மண்வெட்டி, கத்தி, மோட்டார் ரூம் கதவு, கடைசியாக அவருடைய பன்னிரண்டு பாட்டில். உள்ளே இருந்த துண்டுகளைக்கூட விடவில்லை, சோப்புப் போட்டுத் தேய்த்தேன். என் கைதான் செய்தது, புத்தி எங்கேயோ இருந்தது. சந்தனம் குங்குமம் வைத்து மறுபடி மரத்தில் கட்டினேன்.

அதற்கப்புறம் பாட்டிலில் ஒரு ஈ விழவில்லை. ஒழிந்தது என்று நினைத்தேன். ஈயே இல்லாதபோது மருந்து எதற்கென்று மாதாமாதம் ஊறவைப்பதையும் விட்டுவிட்டேன். மழை விட்டதும் பழம் பழுத்தது. கொழுந்தன் வந்து ஒன்றை அறுத்தார், புழு. இன்னொன்றை அறுத்தார், அதிலும் புழு.

"பூரா புழு கீது அண்ணி. வெள்ளிக்கிழம ஆள இட்டுக்கினு வரேன்."

சரி என்றேன்.

வியாழக்கிழமை பாட்டில்களை அவிழ்க்கப் போனேன். ஒன்றை முகர்ந்து பார்த்தேன். மருந்து வாசனையே இல்லை, லேசாகச் சோப்பு வாசனை. என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அப்போதும் மனசு மரக்கட்டையாகத்தான் இருந்தது. வீட்டில் மிச்சமிருந்த மருந்தில் ஒரு துண்டை ஊறப்போட்டேன். மறுநாள் விடிந்ததும் ஒரே ஒரு பாட்டிலைக் கட்டிவிட்டு அடியில் உட்கார்ந்தேன்.

வெயில் ஏறுவதற்குள் ஈக்கள் வந்துவிட்டன. ஓட்டை வழியாக ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து, பாட்டிலின் அடி மறைகிற அளவுக்கு விழுந்தன. அவர் செய்தது சரியாகத்தான் இருந்தது. பாழாய்ப்போன அந்த ஈக்களைப் பார்த்துத்தான் நான் அழுதேன். அழுகை நிற்கவே இல்லை.

ரம்பத்தோடு ரெண்டு ஆள் வந்து நின்றபோதும் அழுதுகொண்டிருந்தேன். பின்னாலேயே வந்த கொழுந்தனிடம் பாட்டிலைக் காட்டினேன்.

"உங்கண்ணன் மேல தப்பில்ல தம்பி. பூஜைக்கு நாந்தான் மருந்தக் கழுவிட்டேன். மரத்த வெட்ட வேணாம்."

அவர் பாட்டிலை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த ரெண்டு ஆளிடமும் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போகச் சொன்னார். பாட்டிலை அவரே திரும்ப மரத்தில் கட்டினார்.

"அடுத்த பூஜைக்கு இத்த மட்டும் கழுவாத அண்ணி" என்றார்.