வெள்ளி இரவுக் கச்சேரி

என் புருஷன் ஜவுபர் தங்கமான மனுசன். ஆனால் அவரோடு கதைப்பதென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கல்முனைக்குடியில் எங்கள் வளவுக்குள் நின்று, "சோறு போடவா?" என்று நான் இவரைக் கேட்டால், நாலு வீடு தள்ளியிருக்கிற ஸகியா மாமி, "போடு புள்ள, நானும் வாறன்" என்று பதில் சொல்வார். இவருக்கு மட்டும் கேட்காது. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. இவரைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷம் குடும்பம் நடத்தினால் ஊமைக்கும் வாய் நீளும்.

நிந்தவூரில் ஒரு அரிசி ஆலையில் மெஷின் ஓட்டுகிறவர் இவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். நெல் குற்றுகிற அறைக்குள் ஒரு நிமிஷம் நின்றால் அந்தச் சத்தத்தில் எனக்குத் தலை சுற்றும். அதற்குள்ளேதான் இவருடைய வயதெல்லாம் போனது. நோன்புக்கு முந்தி காது டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு காதிலும் நரம்பு பழுது, இனிக் கூடுமே தவிரக் குறையாது என்றார். காதுக்கு மெஷின் பூட்டலாம், ஆள் கதைப்பது கேட்கும், ஆனால் பாட்டுக் கேட்டால் தகரத்தைத் தட்டுகிற மாதிரித்தான் இருக்கும் என்றார். அவர் மெதுவாகச் சொன்னதை நான் இவருக்குக் கத்திச் சொன்னேன். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த சனமெல்லாம் எங்கள் வீட்டு வருத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இவர் அழவில்லை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"காலிதீன்ட பாட்ட ஒருக்கா நேர இரிந்து கேக்கணும் புள்ள. காது போறதுக்குள்ள."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காது போகிறது என்று டொக்டர் சொல்கிறார். பெண்டாட்டியின் குரல் கேட்காமல் போய்விடுமே என்று ஒரு சொல் இல்லை. மகள் வெளிநாட்டிலிருந்து எடுக்கிற போன் கோலைப் பற்றி ஒரு சொல் இல்லை. காலிதீனாம்.

காலிதீன் யாரென்று சொல்ல வேண்டும். எங்கள் இளமையில் வானொலியில் பாடிக்கொண்டிருந்தவர். நாட்டின் மேற்குக் கரையோரத்து ஆள். நான் கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டில் எனக்கு முன்பே குடியிருந்தவர் அவர்தான், ஒரு கெசட்டுக்குள். சக்களத்தி என்றால்கூடச் சண்டை பிடித்து விரட்டியிருப்பேன். கெசட்டோடு என்ன சண்டை பிடிப்பது? "உப்புக்காற்றே ஊர் திரும்பு" என்று ஒரு பாட்டு. கடைசியில் அந்தத் "திரும்பு" மேலே மேலே ஏறிப்போய் ஒரு இடத்தில் அப்படியே நிற்கும். அந்த நேரம் வீட்டில் பால் பொங்கினாலும் நான் அசையக்கூடாது. கெசட் போய், சீடி போய், பாட்டு இப்போது இவருடைய போனுக்குள் இருக்கிறது. காலிதீன் இடையில் அரபு நாட்டுக்குப் போய், திரும்பி வந்து, வருத்தம் வந்து படுத்து, பாடுவதையே விட்டிருந்தவர். கொழும்பில் சில பொடியன்கள் அவரைத் தேடிப் பிடித்து, சின்னச் சின்னக் கூட்டங்களில் பாட வைக்கிறார்கள் என்று ஆலையில் யாரோ இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நம்பரும் கொடுத்திருக்கிறார்கள்.

போனில் இவருக்குக் கேட்குமா? கேட்காது. நான்தான் எடுத்தேன். கூட்டத்தை நடத்துகிற பொடியனின் பெயர் முஸ்தாக். எடுத்தவுடனே என்னைத் "தாத்தா" என்றான். கொழும்பில் மூத்த பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நாங்கள் ராத்தா என்பதைப் போல. தெரியும். தெரிந்தும் எரிச்சலாக இருந்தது.

"தாத்தா, நோட்டீஸ் ஒண்ணும் அடிக்கல்ல. தெரிஞ்ச ஆக்கள் மட்டும்தான். வார வெள்ளி இரவு, ஏழு மணிக்கு. மருதானையில" என்றான். இடத்தையும் விளக்கமாகச் சொன்னான்.

வெள்ளி இரவு. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். ஆலை வெள்ளிக்கிழமை பூட்டு. வியாழன் ஒரு நாள் லீவு போட்டு விடியப் புறப்பட்டால் பின்னேரம் கொழும்பு, பொழுது பட்டு மஃரிபு தொழுத பிறகு கச்சேரி. வெள்ளி பகல் பஸ் ஏறினால் சனிக்கிழமை காலை இவர் ஆலையில் நிற்கலாம். இவ்வளவு வசதியாக ஒரு கச்சேரி அமைந்ததே என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

சுபஹ் தொழுத கையோடு பஸ் ஏறினோம். ஏறியதும் இவர் பஞ்சை எடுத்து இரண்டு காதுக்குள்ளும் அடைத்துக்கொண்டார்.

"என்னத்துக்கு?" என்று சைகையில் கேட்டேன்.

"பஸ் சத்தத்தில காது களைச்சிப் போயிரும். அங்க போய்க் கேக்கணுமே" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

நான் பதில் சொன்னாலும் பஞ்சைத் தாண்டிப் போகாது. மகியங்கனை தாண்டி அந்தப் பதினெட்டு வளைவில் பஸ் ஏறும்போது எனக்குக் குடல் வாய்க்கு வந்தது. பையைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன். இவர் யன்னலால் மலையைப் பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மனதுக்குள் பாட்டு ஓடுகிறது. பக்கத்தில் பெண்டாட்டி செத்தாலும் கண்டிக்குப் போய்த்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மருதானையில் அந்த இடம், கட்டில் மேசை விற்கிற ஒரு தளபாடக் கடையின் மேல்மாடி. மஃரிபு பாங்கு சொல்லி, பக்கத்துப் பள்ளியில் தொழுகையும் முடிந்து, படியேறிப் போனோம். மேலே வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்று காற்றில் உதைத்துக்கொண்டிருந்தார்கள். கராத்தே வகுப்பு. இவர் பஞ்சைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, மேடை எங்கே என்று தேடினார்.

நான் முஸ்தாக்குக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, நாங்க வந்து நிக்கிறம். இஞ்ச கராத்தே நடக்குது."

"தாத்தா, கச்சேரி நாளைக்கு. நான் வெள்ளி இரவு எண்டுதானே சொன்ன?"

"இண்டைக்குத்தானே வெள்ளி இரவு?"

"இண்டைக்கு வியாழன் தாத்தா."

"வியாழன் மஃரிபோட முடிஞ்சி போச்சி. பாங்கு சொன்னது கேக்கல்லயா ஒங்களுக்கு? நாளைக்கு ராவைக்கு எண்டா அது சனி இரவு. நீங்க முஸ்லிமான ஆள்தானே?"

அவன் மெல்ல, "எங்க உம்மும்மாவும் இப்படித்தான் சொல்வாங்க" என்றான். என்னைக் கிழவியோடு சேர்த்ததும் நான் போனை வைத்துவிட்டேன்.

இதில் என் பிழை என்ன என்று இன்றைக்கும் கேட்கிறேன். எங்களுக்கு இரவு முந்தி, பகல் பிந்தி. பிறை பார்த்துத்தான் மாதம் தொடங்குகிறது. மஃரிபோடு அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. வெள்ளி இரவு யாசீன் ஓத வாருங்கள் என்றால் கல்முனைக்குடியில் சின்னப் பிள்ளையும் வியாழன் பின்னேரம்தான் வந்து நிற்கும். கொழும்புக்காரன் கலண்டரைப் பார்த்துக் கதைக்கிறான். அதற்கு நான் என்ன செய்வது?

இவருக்கு இதையெல்லாம் படியில் நின்று கத்தி விளங்கப்படுத்தினேன். கராத்தேப் பிள்ளைகள் உதைப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

அன்றிரவு தெமட்டகொடையில் என் சாச்சியின் மகள் றஸ்னாவின் வீட்டுக்குப் போனோம். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால் யாருக்குத்தான் முகம் சுருங்காது? ஒரே அறை. அவள் பிள்ளைகளைக் குசினியில் படுக்கவைத்து எங்களுக்கு இடம் தந்தாள். எனக்கு வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. இவர் நன்றாகச் சாப்பிட்டார்.

விடிந்ததும் இவருடைய காதோரம் கத்திச் சொன்னேன், நாங்கள் ஊருக்குப் போவோம் என்று. சனிக்கிழமை ஆலைக்கு ஆள் இல்லாவிட்டால் முதலாளி சும்மா இருப்பாரா? இவருடைய இடத்துக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஏற்கனவே ஒரு கதை அடிபடுகிறது. செவிடனை மெஷினில் வைத்திருக்க அவருக்கும் பயம்.

"நீ போ" என்றார் இவர். "நான் கேட்டுட்டுத்தான் வருவன்."

"வேல போனா?"

"வேலதானே போகும்."

"பாட்டு போனுக்க இரிக்கி. வீட்ட இரிந்து கேட்டா என்ன?"

இவர் போனை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு, எனக்குத் தெரியவே தெரியாத ஒன்றைச் சொன்னார்.

"போன்ல கேக்கல்ல புள்ள. ஆறு மாசமாக் கேக்கல்ல. சும்மா காதில வெச்சிக்கிட்டு இரிக்கிற. ஆள் முன்னுக்கு நிண்டு பாடினா, வாயப் பாத்தெண்டாலும் கேக்குமோ எண்டு பாக்கத்தான் வந்த."

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. றஸ்னாவிடம் போய் இன்னும் ஒரு நாள் இருக்கலாமா என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு, என் கணக்குக்குச் சனி இரவு, மறுபடியும் படியேறினோம். நாற்பது கதிரை இருக்கும். இவரை முன் வரிசையில், மேடைக்கு எதிரே இருத்தி, பக்கத்தில் நானும் இருந்தேன். ஏழு மணி என்றால் ஏழுக்கா தொடங்குவார்கள்? குர்ஆன் கிராஅத் ஓதி முடிந்தது. வரவேற்புரை. தலைமையுரை. சிறப்புரைக்கு ஒருவர், வாழ்த்துரைக்கு ஒருவர். காலிதீனைப் பாட விடாமல் காலிதீனைப் பற்றியே கதைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், போர்த்தியவருக்கு இன்னொருவர் போர்த்தினார். ஒவ்வொருவரும் மைக்கைத் தட்டும்போது இவர் முன்னுக்குச் சாய்வார். பிறகு பின்னுக்குச் சாய்வார். எனக்கு எழும்பிப் போய் அந்த மைக்கைப் பறித்தால் என்ன என்று இருந்தது. இரண்டு தரம் முஸ்தாக்கைப் பார்த்து முறைத்தேன். அவன் என் பக்கம் திரும்புவதை விட்டுவிட்டான்.

கடைசியில் காலிதீன் பாட வந்தார். ஒல்லியான மனிதர். தொப்பி அவருடைய தலைக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆர்மோனியத்துக்கு முன்னால் மெல்ல உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, வாயைத் திறந்தார்.

குரல் இல்லை.

சைக்கிள் டியூப்பில் காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம். சொல் வந்தது, ராகம் வரவில்லை. முதல் பாட்டு முடியும்போது, வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனைக் கீழே இறக்கினார்கள். பின்னால் இரண்டு பேர் மெதுவாக எழும்பிப் போனார்கள். இதற்காகவா மலையேறிச் சத்தி எடுத்து வந்தோம்? இதற்காகவா ஒரு மனுசன் வேலையைப் பணயம் வைத்தான்? இந்தக் குரல் இவருக்குக் கேட்டால் மனசு உடைந்து போகும், கேட்காவிட்டாலும் உடைந்து போகும். இரண்டில் எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. அல்லாஹ்வே, இவரை வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். பக்கத்தில் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

மூன்றாவது பாட்டு அதுதான். "உப்புக்காற்றே" என்று தொடங்கியதும் இவர் என் கையைப் பிடித்தார். பாடகரின் வாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கடைசித் "திரும்பு" வந்தது. ஆர்மோனியம் மட்டும் மேலே ஏறிப் போனது. காலிதீனின் வாய் திறந்திருந்தது, தொண்டை நரம்பு புடைத்திருந்தது, சத்தம் ஒன்றும் வரவில்லை. இருமினார். முஸ்தாக் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தான். யாரும் கை தட்டவில்லை.

இவர் கண்ணைத் திறந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"ஜெனூபா" என்று என்னைக் கூப்பிட்டார். தன் குரலின் அளவு இவருக்குத் தெரியாது. மண்டபம் முழுக்கக் கேட்டது. "குரல் கொஞ்சமும் மாறல்ல என்ன? கெசட்டில இரிக்கிற மாதிரியே இரிக்கி."

நாற்பது பேரும் திரும்பினார்கள். காலிதீன் தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி எங்களைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். இவருக்கு அது போதவில்லை.

"தலைய ஆட்டாத, வாயால சொல்லு. எனக்கி மட்டுந்தான் அப்பிடிக் கேட்டதா? ஒனக்கும் அப்பிடித்தானே கேட்ட?"

மெதுவாகச் சொன்னால் இவருக்கு விளங்காது. நான் எழும்பி, இவருடைய காதுப் பக்கம் குனிந்து, என் தொண்டை இருக்கிற மட்டும் கத்தினேன்.

"ஓம். எனக்கும் அப்பிடித்தான் கேட்ட."

காலிதீன் கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து நெஞ்சில் கையை வைத்துத் தலையைக் குனிந்தார். நிமிர அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இவர் என் கையை உலுக்கினார்.

"ஒனக்குத்தான் சலாம் சொல்றார். பதில் சொல்லு புள்ள."