மரண அறிவித்தலில் நிற்பதென்று பேச்சு

கலியாணம் முடித்து முப்பத்துமூன்று வருடத்தில் என் கணவர் விரும்பி ஏற்றுக்கொண்ட ஒரே வீட்டு வேலை, ரிவியில் விளம்பரம் தள்ளுவதுதான். தேங்காய் துருவச் சொன்னால் தோள்மூட்டு நோகும் என்பார். ரிமோட்டைக் கையில் கொடுத்தால் ஒரு நோவும் இல்லை.

கனடாவில் இருக்கும் மகன் இரண்டு வருடத்துக்கு முதல் வந்தபோது ஒரு பெட்டி வாங்கிப் பூட்டிவிட்டுப் போனான். ரிவியில் போவதை அது தானாகப் பதிந்துவைக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நான் பின்னேரங்களில் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் ஆறரைக்குப் போகும் நாடகத்தை நேரே பார்க்க வழியில்லை. ஏழரைக்குப் பிள்ளைகள் போனதும் பெட்டியில் இருப்பதைப் போடுவோம். ஒரு தரம் அமத்தினால் அரை நிமிடம் பாயும். சவர்க்காரம், சீமெந்து, நகைக்கடை எல்லாவற்றையும் அவர் நாலு அமத்தில் தாண்டிவிடுவார். கொஞ்சம் கூடப் பாய்ந்துவிட்டால் ஒரு அமத்துப் பின்னால் வந்து, நாடகத்துப் பெண் வாய் திறக்கும் இடத்தில் சரியாக நிற்பாட்டுவார். அந்த நேரம் அவர் முகத்தில் வரும் பெருமையை எங்கள் கலியாணப் படத்திலும் நான் காணவில்லை.

ஆனால் எங்கள் ஊர்ச் சனலில் எல்லாவற்றையும் தள்ள முடியாது. சீமெந்துக்கும் நகைக்கடைக்கும் நடுவில் மரண அறிவித்தல் வரும். செத்தவரின் படம், பிறந்த ஊர், வசித்த ஊர், யாருடைய மகள், யாருடைய தாய், எத்தனை மணிக்குக் கிரியை, எந்தச் சுடலை எல்லாம் வாசிப்பார்கள். கடைசியில், இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்பார்கள். அவ்வளவுதான், உனக்குச் சொல்லியாயிற்று. படலைக்கு வந்து ஒருவரும் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. போகாமல் இருந்துவிட்டு எனக்குத் தெரியாது என்றால் ஊர் சிரிக்கும்.

ஆகவே பெட்டி வந்த முதல் கிழமையே நான் அவரிடம் கறாராகச் சொல்லிவைத்தேன். "எதையெண்டாலும் தள்ளுங்கோ. மரண அறிவித்தலிலை நிக்கவேணும்."

"ஓம், ஓம். செத்தவையை நான் தள்ளுவனே?" என்றார் அவர்.

அந்தப் பேச்சை நம்பித்தான் நான் ரிமோட்டை அவரிடம் விட்டேன்.

இப்போது என் சிநேகிதியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் என் பக்கத்தில் இருந்தவள். பிறகு ஒரே பள்ளிக்கூடத்தில் இருவரும் படிப்பித்தோம். கலியாணம் முடித்துக் கரவெட்டிக்குப் போனாள். நாங்கள் சுன்னாகத்துப் பக்கம். அவளும் அதே நாடகம்தான் பார்ப்பாள், ஆனால் நேரே பார்ப்பாள். ஏழு மணிக்குப் போன் அடிக்கும். நான் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, "இஞ்சை, அந்த மாமியார் இண்டைக்கு என்ன செய்தவள் தெரியுமே?" என்று தொடங்குவாள். கதையைச் சொல்லாதை எண்டு கத்துவேன். சொல்லித்தான் வைப்பாள்.

எங்கள் வயதுக்காரர் கூடினால் சாவைப் பற்றிக் கதைப்பது வழமைதானே. ஒரு செத்தவீட்டால் இருவரும் திரும்பி வரும்போது அவள் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே சவப்பெட்டியில் கிடந்த மனுசிக்கு முகமெல்லாம் வெள்ளையும் உதட்டில் சிவப்புமாக அப்பியிருந்தார்கள். "எனக்கு உப்பிடிப் பூச விடாதை. நீ வந்து துடைச்சுவிடு. என்ரை பிள்ளைக்குச் சொல்லத் தைரியம் வராது" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. துடைக்கிறன் என்று சொன்ன பிறகுதான் கையை விட்டாள்.

போன வருடம் அவளுக்குத் தொண்டையில் வருத்தம் வந்தது. முதலில் குரல் கம்மியது, பிறகு இல்லாமல் போனது. நான்தான் எடுத்துக் கதைப்பேன், அவள் மறுபக்கத்தில் போனை விரலால் தட்டுவாள். ஓம் என்றால் ஒரு தட்டு. கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு போன் வேலை செய்யவில்லை. நாலைந்து தரம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் இருப்பாள், வந்ததும் தட்டுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் வீட்டில் வேறு அமளி. என் கணவரின் தங்கை, என் மச்சாள், தன் மூத்த மகனுக்குக் கலியாணம் வைத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் நாள் பார்த்துப் பொன்னுருக்குவார்கள். பத்தர் வந்து தாலிக்கான பொன்னை எல்லோருக்கும் முன்னால் உருக்குவார். அந்தப் பொன்னைத் தட்டில் ஏந்திச் சபைக்குக் காட்டவேண்டியது மாப்பிள்ளையின் மாமி, அதாவது நான். செத்தவீட்டுக்குப் போய் வந்த கை அந்தத் தட்டில் படக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மச்சாள் ஒரு கிழமையாகப் போன் பண்ணி, "அண்ணி, ஒரு இடமும் போயிடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பொன்னுருக்குக்கு முதல் நாள் பின்னேரம் நான் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தேத்தண்ணியோடு வந்து குந்தினேன். அவர் எனக்கு முன்பே ரிவிக்கு முன்னால் இருந்தார். நாடகம் தொடங்கியது. விளம்பரம் வந்ததும் நாலு அமத்து இல்லை, ஏழெட்டு அமத்து அமத்தினார். நாடகத்துக்குள்ளும் கொஞ்சம் போய்விட்டது. பின்னால் வரவும் இல்லை.

"என்னப்பா, இண்டைக்கு ஒருதரும் சாகேல்லையோ?" என்று நான் பகிடியாகக் கேட்டேன்.

"இல்லை. நல்ல நாள் போலை கிடக்கு" என்றார்.

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

பதினாறு நாள் கழிந்து கலியாணமும் முடிந்து களை ஆறிய பிறகு, ஒரு சனிக்கிழமை காலை அவர் சந்தைக்குப் போயிருந்தார். அன்றைக்குத் தவறவிட்ட அந்த நாடகத் துண்டைப் பார்ப்போம் என்று பெட்டியைப் போட்டேன். எனக்கு அந்தப் பாயும் பொத்தான் சரிவராது. ஓடட்டும் என்று வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தேன். சவர்க்காரம் போனது. சீமெந்து போனது. பிறகு அவளுடைய படம் வந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த படம், இரண்டு கண்ணையும் முழுசிக்கொண்டு. நான்தான் அதை எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். நாளை காலை கரவெட்டியில் அன்னாரது இல்லத்தில் என்று ஒரு பெண் வாசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாளை முடிந்து பதினைந்து நாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. விரல் வழுக்கி விளங்காமல் தாண்டியிருப்பார் என்று, சொன்னால் வெட்கம், அந்த மனிதருக்காக நானே ஒரு சாட்டுத் தேடினேன். பிறகுதான் அவர் சொன்ன அந்த நல்ல நாள் ஞாபகம் வந்தது.

அவர் பையோடு உள்ளே வந்தார். திரையில் படத்தை நிற்பாட்டி வைத்திருந்தேன். பார்த்தார். பையை நிலத்தில் வைத்தார்.

"கண்டனீங்களோ?" என்றேன்.

"ஓம். நீ பிள்ளையளோடை இருக்கேக்கை போட்டுப் பாத்தனான்."

"கண்டிட்டோ நல்ல நாள் எண்டு சொன்னீங்கள்?"

"தங்கச்சி அழுதிருப்பாள். விடியப் பொன்னுருக்கு. உன்னைத் தவிர ஆர் தட்டு ஏந்துறது? கலியாணம் முடியச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"கலியாணம் முடிஞ்சு எத்தினை நாள்?"

நாளுக்கு நாள் சொல்வது கஷ்டமாகப் போய்விட்டது என்றார். கஷ்டம் அவருக்காம். செத்தவள் என் சிநேகிதி, கஷ்டம் இவருக்கு! வேறு ஒரு பெண்ணோடு போயிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. முப்பத்துமூன்று வருடம் பக்கத்தில் இருந்தவர், என் ஒரு சிநேகிதியைச் சவர்க்காரத்தோடும் சீமெந்தோடும் சேர்த்துத் தள்ளிவிட்டு, என் கையிலிருந்து தேத்தண்ணியை வாங்கிக் குடித்திருக்கிறார்.

அடுத்த நாள் தனியாகப் பஸ் ஏறிக் கரவெட்டிக்குப் போனேன். அவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

அவளுடைய மகள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். வாங்கோ அன்ரி என்றாள், ஆனால் முகம் கொடுக்கவில்லை. தேத்தண்ணி வைத்துவிட்டுக் கதிரை நுனியில் இருந்தாள். அம்மாவின் போன் கொழும்பு ஆஸ்பத்திரியில் துலைந்துபோனது, என் நம்பர் அதற்குள்தான் இருந்தது என்று தானாகச் சொன்னாள்.

"அம்மா கொப்பியிலை எழுதிக் காட்டினவ. அந்த நாடகத்துக்கு நடுவிலை போடச் சொல்லுங்கோ, அவள் கட்டாயம் பாப்பாள் எண்டு. சனல்காரரோடை கெஞ்சித்தான் அந்த நேரத்துக்குப் போடுவிச்சனாங்கள்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அம்மாவுக்குக் கனக்கப் பூசிப்போட்டினம், அன்ரி. நீங்கள் வந்தால் துடைப்பீங்கள் எண்டும் எழுதி வைச்சிருந்தவ. ஐயர் நேரம் போகுது எண்டு கத்தினவர். நான்தான் பதினொரு மணி மட்டும் மறிச்சு வைச்சிருந்தனான். வாசலைப் பாத்துக்கொண்டே இருந்தனான்."

என் கணவர் மறைத்துவிட்டார் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பிள்ளை நம்பியிருக்கும், என் மேல் இரக்கமும் பட்டிருக்கும். இரக்கம் வாங்கப் போகிற இடமா அது? பார்க்கவில்லைப் பிள்ளை, தவறிப்போச்சு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை.

அதற்குப் பிறகு ரிமோட் என்னுடைய மடியில். ஒன்றையும் தள்ளுவதில்லை. சவர்க்காரம், சீமெந்து, நகைக்கடை எல்லாம் முழுதாக ஓடும். அவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்து பார்ப்பார். தேத்தண்ணியும் கொடுக்கிறேன். கதைப்பதுதான் குறைவு.

போன மாதம் மச்சாள் கலியாண வீடியோவைக் கொண்டுவந்தாள். நாங்கள் மூன்று பேரும் இருந்து பார்த்தோம். விருந்தாளிக்கு முன்னால் என்ன என்று ரிமோட்டை அவரிடம் கொடுத்திருந்தேன். பொன்னுருக்கு வந்தது. மச்சாள் அன்றைக்கு அலங்காரம் செய்ய ஒரு பெண்ணைப் பிடித்திருந்தாள். அவள் எனக்கும் முகமெல்லாம் வெள்ளையும் உதட்டில் சிவப்புமாகப் பூசிவிட்டிருந்தாள். நான் தட்டை ஏந்திக்கொண்டு எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சிரிக்கிறேன். எனக்குப் பின்னால் சுவரில் மணிக்கூடு. பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

"அண்ணி என்ன வடிவாய் நிக்கிறா" என்றாள் மச்சாள்.

அவரும் மணிக்கூட்டைக் கண்டுவிட்டார். கை பொத்தானுக்குப் போனது. படம் பாய்ந்து சாப்பாட்டுப் பந்திக்குப் போனது.

"தள்ளாதேங்கோ" என்றேன்.

"ஏன், உதிலை என்ன இருக்கு?" என்று மச்சாள் கேட்டாள். நான் அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, தேடித் தேடிப் பின்னால் கொண்டுவந்தேன். அந்த மணிக்கூடு பதினொன்று காட்டும் வரைக்கும், பூசின முகத்தோடு நான் சிரிப்பதை அவரைப் பார்க்க வைத்தேன்.