இரண்டு மடக்குத் தண்ணீர்

போன மாதம் என் பேத்தி கோவிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மை நடந்தது. காலையில் ஆற அமர மூன்று இட்லி தின்றுவிட்டுத்தான் கோவிலுக்குப் புறப்பட்டாள். நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முந்திச் சாப்பிட்டு முடித்தால் போதுமாம், இப்போதைய சட்டம் அப்படி. வீடியோக்காரர் வீட்டுக்கே வந்து அவள் இட்லி தின்பதையும் படம் பிடித்தார். நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு மருமகள், "உங்களுக்கும் ரெண்டு வைக்கட்டுமா அத்தை?" என்று கேட்டாள். எனக்குப் பசியில்லை. என் நினைப்பு வேறெங்கோ இருந்தது.

எங்கள் காலத்தில் நடுராத்திரி பன்னிரண்டு மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. குடித்துவிட்டால் அன்றைக்கு நன்மை கிடையாது. குடித்ததை மறைத்துக்கொண்டு வாங்கினால் அது தேவதுரோகம். இதைச் சொல்லும்போதெல்லாம் எங்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் ஒரு பையனின் கதையையும் சொல்வார். வெல்லக்கட்டி ஒன்றை வாயில் போட்டு முழுங்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நன்மை வாங்கினானாம். கோவில் படி இறங்குவதற்குள் சுருண்டு விழுந்து செத்தானாம். எந்த ஊர்ப் பையன் என்று ஒருத்தி கேட்டாள். "நம்ம ஊர்தான்" என்றார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மர்பி டவுனில் ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையுமாக எங்கள் வீடு. அப்பா பட்டாளத்து டிப்போவில் தச்சு வேலை செய்தார். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்புறம் சின்னம்மா. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை.

சின்னம்மாவைத் தங்கவயலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்தப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு தகரப் பெட்டியோடு தனியாக வந்து இறங்கியவள், திரும்பிப் போகவில்லை. ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும், "புருஷன வுட்டுட்டு வந்தவ உங்க வீட்ல கீறாளாமேன்னு கொழாயடில கேக்கறாளுங்க, நான் இன்னான்னு சொல்றது?" என்று தினம் ஒரு தடவையாவது கேட்பாள். சின்னம்மா ஏதாவது பாத்திரத்தை எடுத்துத் தேய்ப்பாள். எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அந்த எட்டு மாதம் பளபளவென்று இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அவளும் எங்களோடு பூசைக்கு வருவாள். ஆனால் நன்மை வாங்கப் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதித் தடுப்புக்குப் போக மாட்டாள். கடைசி வரிசையிலேயே இருப்பாள். புருஷன் வீட்டுக்குப் போகிறேன் என்று ஒத்துக்கொண்டு, விட்டு வந்த பாவத்தை அவரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால்தான் சாமியார் அவளுக்கு நன்மை கொடுப்பார் என்று அம்மா சொன்னாள்.

அம்மாவுக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. புதுநன்மை வாங்கிய பிள்ளை அந்த நிமிஷம் என்ன கேட்டாலும் சேசு இல்லை என்று சொல்ல மாட்டாராம். அதனால் நான் என்ன கேட்க வேண்டும் என்பதை ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி உருப்போட வைத்தாள். சின்னம்மா சித்தப்பாவோடு சேர்ந்து வாழ வேண்டும். அவ்வளவுதான். எனக்கு ஒரு பொம்மை கேட்கலாமா என்று இருந்தது. ஒன்றுதான் கேட்கலாம் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இதெல்லாம் அந்த ஒற்றை அறையில்தான் நடந்தது. சின்னம்மாவின் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை.

முந்தின சனிக்கிழமை மத்தியானம் புதுநன்மை வாங்கப்போகிற எங்கள் பன்னிரண்டு பேருக்கும் முதல் பாவசங்கீர்த்தனம். வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும், அது வழக்கம். அப்பாவிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே நெற்றியில் சிலுவை போட்டார். அம்மாவிடம் கேட்டேன். "இனிமேலாவது சொன்ன பேச்சக் கேளு" என்று அதற்குள் ஒரு புத்திமதியையும் சேர்த்துக் கொடுத்தாள். சின்னம்மாவின் முன்னால் நான் முழங்காலில் நின்றபோது, அம்மா அடுப்படியிலிருந்தே ஆரம்பித்தாள்.

"பாத்துக்கோடி. ஒம்பது வயசுப் புள்ள முட்டி போடுது. நீ ஒரு தரம் போட்டா கொறஞ்சா பூடுவ?"

"நான் முட்டி போட்டது போதும்க்கா" என்றாள் சின்னம்மா. "அங்க தினம் அதான்."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சித்தப்பா வீட்டில் தினமும் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்கிறார்கள் போலிருக்கிறது, நம் வீட்டைவிடப் பக்தியான வீடு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிய இன்னும் நேரம் இருக்கும்போதே எழுப்பிவிட்டார்கள். அம்மா உள்ளே, வெள்ளைக்காரத் துரையம்மா ஒருத்தி கொடுத்த ஜன்னல் திரையில் தைத்த என் வெள்ளைக் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சின்னம்மா வாசலில் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு என் கையில் கொடுத்தாள், முகம் கழுவ. தினமும் எழுந்ததும் தண்ணீர் குடிக்கிற பழக்கம் எனக்கு. தூக்கக் கலக்கம். சொம்பைத் தூக்கி அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டேன்.

மூன்றாவது மடக்கு வாயில் இருக்கும்போதுதான் நினைவு வந்தது. அதைத் துப்பினேன். முதல் இரண்டும் உள்ளே போய்விட்டன. நிமிர்ந்தால் சின்னம்மா என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"நான் பாக்கல" என்றாள் மெதுவாக. "வாயத் தொடச்சிக்கோ."

கவுனைப் போட்டார்கள். தலையில் பூவளையம் வைத்தார்கள். என் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்தார்கள். "பயப்படாதடி" என்றாள் அம்மா. "நான் சொன்னத மட்டும் மறக்காமக் கேளு." சொல்லிவிடலாம் என்று கோவில் போகும் வழியில் மூன்று தடவை அம்மாவின் முந்தானையை இழுத்தேன். மூன்று தடவையும் அவள் குனிந்து பார்த்த முகத்தில் அத்தனை சந்தோஷம். "ஒண்ணுக்கு வருதா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

பூசை முழுவதும் எனக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. வாங்கினால் படி இறங்குவதற்குள் செத்துப்போவேன். வாங்காவிட்டால் அம்மா செத்துப்போவாள். ஒன்பது வயதில் நான் போட்ட கணக்கு அவ்வளவுதான். மணி அடித்தது. பன்னிரண்டு பேரும் போய்க் கிராதியில் முழங்காலில் நின்றோம். நான் ஏழாவது. சாமியார் முதல் பிள்ளையிடமிருந்து வந்துகொண்டிருந்தார். மூன்று. நான்கு. பக்கத்தில் இருந்தவள் கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். அப்புறம் சாமியாரின் வெள்ளை அங்கி என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

அவர் ஒரு நிமிஷம் காத்திருந்தார். என் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "தண்ணி குடிச்சிட்டேன் சாமி" என்றேன். கோவிலுக்கே கேட்டது என்று அப்புறம் சொன்னார்கள். அவர் முகத்தில் கோபம் இல்லை. குனிந்து, "சரிம்மா, அடுத்த ஞாயித்துக்கெழம வா" என்று என் காதில் சொல்லிவிட்டு எட்டாவது பிள்ளையிடம் நகர்ந்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

வீட்டில் பலகாரம் சாப்பிட வந்த சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவர்கள் முன்னாலேயே என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யாருடி உனக்குத் தண்ணி குடுத்தது?" நான் சின்னம்மாவைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

"நான்தான் குடுத்தேன்" என்றாள் சின்னம்மா. "ஞாபகம் இல்லாம குடுத்துட்டேன்."

"ஞாபகம் இல்லாமலா?" அம்மாவின் குரல் உடைந்தது. "வேணும்னே குடுத்திருக்க. புள்ள கேட்டா நடந்துடுமேன்னு பயந்து, கேக்க வுடாமப் பண்ணிட்ட. நீயும் நன்மைக்குப் போவ மாட்ட, எம் புள்ளையையும் போவ வுட மாட்ட!"

முகம் கழுவத்தான் கொடுத்தாள், நானாகத்தான் குடித்தேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். என் பக்கத்தில் இருந்த அத்தை, "பாவம், கொழந்த இன்னா பண்ணும்" என்று என்னை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு வாயில் ஒரு அதிரசத்தை வைத்தாள். நான் அதைத் தின்றேன். சின்னம்மா எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அந்த வாரம் முழுவதும் அம்மா அவளோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைப்பாள், "சாப்பிடு" என்று சொல்ல மாட்டாள். ராத்திரி சின்னம்மாவின் பக்கத்தில்தான் நான் படுப்பேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும், சாமியார் உள்ளே உட்கார்ந்து பாவம் கேட்கும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாவங்களின் வரிசையில் இது எங்கே வரும் என்று தெரியவில்லை. பொய் சொன்னேனா? நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே. தடுமாறித் தடுமாறி நடந்ததை அப்படியே சொன்னேன். சாமியார், அபராதமாக மந்திரம் எதுவும் வேண்டாம், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் உண்மையைச் சொல், போதும் என்றார். பத்து அருள்நிறை மந்திரம் கொடுத்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லி முடித்திருப்பேன்.

அம்மா குழாயடியில் துணி கசக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று அவள் முதுகிடம்தான் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. கை நின்றது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அம்மாவுக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. காப்பி போட்டாள். அப்பாவுக்கு மட்டும் எடுக்கிற பெரிய டம்ளரில் அதை ஊற்றி, சின்னம்மாவின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். "ஆறிடப்போவுது, குடி" என்றாள். சின்னம்மா டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. எட்டு மாத ஏச்சுக்கும் அழாதவள் அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, அவள் தலையைத் தடவிக்கொண்டே அம்மா கேட்டாள்: "எனக்காவ ஒரு தரம் போய்ப் பாக்கறியாடி?"

அம்மா கத்திக் கேட்டபோதெல்லாம் பாத்திரம் தேய்த்தவள், இப்போது சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் பூவளையம் இல்லாமல், பெரியவர்கள் வரிசையின் கடைசியில் நின்று என் புதுநன்மையை வாங்கினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்மா சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டேன்.

இரண்டு வாரத்தில் சித்தப்பா வந்தார். புதுப் புடவையும் ஒரு பந்து மல்லிகையும் எனக்கு ஒரு பொட்டலம் பிஸ்கோத்தும் கொண்டுவந்தார். அப்பாவிடம் சிரித்துப் பேசினார். அதற்கு முந்தின நாள் சின்னம்மா போய்த் தொட்டி வரிசையில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்திருந்தாள். காலையில் நன்மையும் வாங்கினாள். சித்தப்பாவைத் தொட்டிப் பக்கம் போகச் சொல்லி யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பிள்ளை கேட்டது பலித்துவிட்டது என்று தெருவெல்லாம் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் தங்கவயல் போகும் மாரிகுப்பம் வண்டி நின்றது. சித்தப்பா பெட்டியை ஏற்றிவிட்டு வெற்றிலை வாங்கப் போனார். சின்னம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கம்பியைப் பிடித்து எம்பி நின்றேன்.

"சின்னம்மா, நான்தான் சேசுகிட்ட கேட்டேன். அதான் நீ போற."

"தெரியும்டி கண்ணு."

"உனக்கு சந்தோசமா?"

அவள் கம்பிக்கு இடையில் கையை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்பி வருவது தெரிந்ததும் அந்தப் பிடி இறுகியது. வண்டி நகர்ந்தபோதும் விடவில்லை. நான் கூடவே நாலடி ஓடினேன். "வுடும்மா, புள்ள வுழுந்துடும்" என்று அப்பா என்னைப் பின்னால் இழுத்தார். அப்போதுதான் விட்டாள்.

மணிக்கட்டில் நான்கு விரல் தடம் சிவப்பாக விழுந்திருந்தது. வீடு வந்து சேரும்வரை அதை அம்மாவிடம் நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டே நடந்தேன். "பாரும்மா, சின்னம்மாவுக்கு எம்மேல எவ்ளோ ஆசை!" அம்மா ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் கண்ணைக் கூசுகிறது என்று முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். வெயில்தான் என்று நானும் நம்பினேன்.