விக்னேஷ்குமாரின் கார்டு

பேகம்பூரில் இஃப்பத்துக்குக் கார்டு டாக்டர் என்று ஒரு பெயர் உண்டு. வைத்தவன் அவள் கணவன் இஷாக். கிண்டலுக்குத்தான் வைத்தான், ஆனால் பொருத்தமாக அமைந்துவிட்டது.

கார்டிலிருந்து பணம் போகவில்லை என்றால் கணக்கில் காசு இல்லை என்றுதான் ஊரே நினைக்கும். அந்த நினைப்பைக் கேட்டாலே இஃப்பத்துக்கு எரிச்சல் வரும். நாணயமான மனுஷனைக் கடன்காரன் ஆக்குவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை என்பாள். கார்டின் காலம் முடிந்திருக்கும். தொலைந்துவிட்டதென்று முடக்கியிருப்பார்கள். புதுக் கார்டு உறை பிரிக்காமல் பீரோவில் கிடக்கும். சில நேரம் வங்கிக்கே சந்தேகம் வந்து காரணம் சொல்லாமல் கையை விரித்துவிடும். ஒவ்வொன்றுக்கும் வங்கி ஒரு எண்ணைத் திருப்பி அனுப்பும். அந்த எண்ணைப் படிக்காமல் கார்டை மறுபடி மறுபடி முயல்வது, பூட்டிய வீட்டில் காலிங் பெல்லை அழுத்திக்கொண்டே இருக்கிற வேலை. காசு இல்லை என்று வந்தால் சம்பளம் ஏறும் நாள் வரை பொறுப்பாள். காலம் முடிந்ததென்றால் புதுக் கார்டைப் பதிய ஒரு இணைப்பு அனுப்புவாள். பி.காம். முடித்துப் பதினோரு வருடம் தோல் மண்டியில் பில் எழுதியவளுக்கு, யாரையும் மிரட்டாமல் பணம் வரவைக்கிற பொறுமை அங்கேயே வந்துவிட்டது.

இப்போது அவள் வேலை பார்ப்பது திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், இரண்டாவது மாடியில், ஆனந்தமேரி நடத்தும் 'காலைக்குரல்' என்ற இணைய நிறுவனத்தில். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் குரலைக் கிழமைக்கு ஒன்றாக ஏழு விதமாகப் பதிந்து கொடுப்பார்கள். தினமும் காலையில் அந்தக் குரல் ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன் போட்டு, மாத்திரை போட்டாச்சா என்று கேட்கும். போட்டிருந்தால் ஒன்றை அழுத்த வேண்டும். உடனே பிள்ளைக்குச் செய்தி போகும். மாதம் முந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய், கார்டிலிருந்து தானாகப் போய்விடும். ஐந்து முறை முயன்றும் பணம் வராவிட்டால் கணக்கு மூடப்பட்டு, குரலும் அழிந்துபோகும். அழிந்தால் அழிந்ததுதான், யாராலும் மீட்க முடியாது.

ஜூலையில் விக்னேஷ்குமாரின் கார்டு நான்காவது முறையாகத் திரும்பியது. தோஹாவில் வேலை, அம்மா ஜக்கம்மாள் ஆத்தூரில். வங்கி அனுப்பிய எண்ணுக்குப் பொருள், கணக்கே மூடியாயிற்று என்பது. வங்கி மாறியிருப்பான் என்று இஃப்பத் நினைத்தாள். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள், ஒற்றை டிக்கோடு நின்றது. அவசரத்துக்கென்று கொடுத்திருந்த எண்ணுக்குப் பேசினாள். எடுத்தவன் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன்.

"விக்னேஷ் மார்ச்லயே தவறிட்டாருங்க. ஹார்ட் அட்டாக்கு. நாங்கதான் பாடிய ஊருக்கு அனுப்பி வச்சோம்" என்றான்.

இஃப்பத் வாய்க்குள் துஆ சொல்லிக்கொண்டே அழைப்புப் பட்டியலைத் திறந்தாள். காலை ஆறு நாற்பதுக்குக் குரல் தவறாமல் போயிருக்கிறது. மறுமுனையில் தவறாமல் எடுத்திருக்கிறார்கள். தவறாமல் ஒன்றை அழுத்தியிருக்கிறார்கள். அம்மா மாத்திரை போட்டுவிட்டார் என்ற செய்தி, செத்தவனின் போனுக்கு மார்ச்சிலிருந்து தினமும் போய்க்கொண்டிருக்கிறது. அதைவிட அவளை உறுத்தியது அழைப்புகளின் நீளம். பதிந்த குரல் முப்பத்தெட்டு விநாடி. குரல் முடிந்தாலும் கேட்பவர் வைக்கும்வரை லைன் திறந்தே இருக்கும். பிப்ரவரி வரை ஒவ்வொரு அழைப்பும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்திருக்கிறது. ஏப்ரலில் ஐந்து நிமிடம். இப்போது தினமும் பதினான்கு நிமிடம்.

இன்னும் ஒரு முயற்சிதான் பாக்கி. அந்த அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி வேறு கார்டு வாங்கிவிடலாம் என்று தீர்மானித்தாள். அவளுடைய செல்போன் சார்ஜில் கிடந்தது. கைக்கெட்டிய மேசைப் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். மாலை ஐந்து இருபது. தினமும் காலையில் அந்தக் குரல் போவதும் அதே எண்ணிலிருந்துதான் என்பது, மணி அடித்த பிறகுதான் உறைத்தது.

"சொல்லுய்யா" என்றது ஒரு பெண்குரல். "என்னய்யா, இந்நேரத்துல?"

வைத்துவிடலாம் என்றால் கை வரவில்லை. பேசலாம் என்றால் வாய் வரவில்லை. தோஹாவில் வெயில் எப்படி என்று கேட்டார் ஜக்கம்மாள். மல்லிகைக்கு விலை இல்லையென்று சொன்னார். இடையிடையே நிறுத்தி, பதில் கேட்பதுபோல் காத்திருந்தார். கடைசியில் "சரிய்யா, வச்சிரவா?" என்று கேட்டு, பழக்கத்தில் ஒன்றை அழுத்திவிட்டு வைத்தார். மேசைப் போன் பதினான்கு நிமிடம் என்று காட்டியது.

மறுநாள் இஃப்பத் ஆத்தூருக்குப் பஸ் ஏறினாள். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், குரல் அழியாமல் காப்பாற்றிவிட வேண்டும், இரண்டும்தான் எண்ணம்.

ஜக்கம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். புத்தி தெளிவாக இருந்தது. சுவரில் மாலை போட்ட படம். கம்பெனியிலிருந்து வருவதாகச் சொன்னதும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

"அது பதிஞ்சு வச்ச குரல்னு எனக்குத் தெரியும் தாயி. எந்தக் கெழமைக்கு என்ன சொல்லுவான்னு மனப்பாடம். அவன் பேசி முடிச்சப்புறம் நான் பேசுவேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. பரவாயில்லன்னு பேசுவேன். வேற யாரு எனக்குப் போன் போடுறா?"

"அம்மா, நேத்து சாயங்காலம்..." என்று தொடங்கினாள் இஃப்பத்.

ஜக்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அதத்தான் சொல்ல வாரேன். நேத்து வந்தது அந்தக் குரல் இல்ல. அவனே வந்தான். பேச முடியல போல, மூச்சு மட்டும் விட்டான். நாலு மாசமா அந்தப் பக்கம் மூச்சே கேட்டதில்ல தாயி."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, அது நான்தான் என்று சொல்ல இஃப்பத்தால் முடியவில்லை. பணம் ஏன் போகவில்லை என்று ஆயிரம் பேருக்குக் கூசாமல் விளக்கியவள், ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்தாள்.

ஜக்கம்மாள் உள்ளே போய் பூ விற்ற பணம் விழும் கணக்கின் கார்டைக் கொண்டுவந்தார். வங்கி அவர் போனுக்கு அனுப்பிய ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாதென்று சொல்லி, அவர் விரலாலேயே அழுத்தவைத்தாள் இஃப்பத். முதல் முயற்சியிலேயே பணம் போனது. குரல் பிழைத்தது.

வாசல்வரை வந்த ஜக்கம்மாள் தயங்கிக் கேட்டார். "அந்தச் சாயங்காலத்துக்குத் தனியா எதுவும் கட்டணுமா தாயி? எம்புட்டுன்னாலும் கட்டிப்புடுறேன்."

"அதுக்குக் காசு கிடையாதும்மா" என்றாள் இஃப்பத். சொன்ன பிறகுதான், எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று புரிந்தது.

அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்து இருபதுக்கு மேசைப் போனை எடுத்தாள். பேசமாட்டாள். மூச்சு மட்டும் விடுவாள். பதினான்கு நிமிடம் முடிந்ததும் அந்தப் பக்கம் வைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது. "நேத்து லீவு, தூங்கியிருப்ப" என்று திங்களன்று ஜக்கம்மாளே காரணம் சொல்லிக்கொள்வார். இது பாவமா புண்ணியமா என்று இஃப்பத்துக்குத் தெரியவில்லை. தொழுகையில் கேட்டும் மனசு அமையவில்லை. ஒருநாள் கூட்டிப்போக வந்த இஷாக் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "யார்ட்ட பேசிக்கிட்டிருந்த?" என்றான். "நான் பேசவே இல்லையே" என்றாள். அது பொய்யும் இல்லை.

செப்டம்பரில் ஒரு மாலை, ஆனந்தமேரி எல்லோரையும் உட்காரவைத்துக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார். இஃப்பத்தின் கண் கடிகாரத்திலேயே இருந்தது. ஐந்து இருபது போய், இருபத்தெட்டும் ஆயிற்று. தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து, மேசைக்கு ஓடி எண்ணை அழுத்தினாள்.

நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் வேறொரு அழைப்பில் உள்ளார் என்றது போன்.

பூ வியாபாரியாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி அழுத்தினாள். அதே பதில். கணினியில் அழைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தாள். காலை ஆறு நாற்பதுக்குப் பிறகு, அவள் இப்போது முயன்ற இரண்டைத் தவிர, அலுவலகத்திலிருந்து ஆத்தூருக்கு எந்த அழைப்பும் போகவில்லை. மூன்றாவது முறையும் அதே பதில். நான்காவது முறை மணி அடித்தது. கடிகாரத்தில் ஐந்து முப்பத்துநான்கு.

"என்னய்யா" என்றார் ஜக்கம்மாள். குரலில் சிரிப்பு இருந்தது. "இப்பத்தான வச்ச. அதுக்குள்ள என்ன?"

இஃப்பத் மூச்சை அடக்கிக்கொண்டாள்.