தங்கையிடம் வாங்கிய சாட்சிக் கையெழுத்து

பள்ளி ஆசிரியனான என் கர்வத்தால், விதவையான தங்கை மேரி வீட்டை இழக்க இருந்தாள். பினாங்கு வீட்டை அவளுக்கே எழுதும்படி அப்பா சொன்னார். வக்கீலைக் கேட்காமல் உயிலை நானே எழுதி, மேரியையும் சாட்சியாகக் கையெழுத்திட வைத்தேன்.

அப்பா இறந்தபின் உயிலைப் பார்த்த வக்கீல், சொத்து பெறுபவரே சாட்சியானதால் அவளுக்கு எழுதியது செல்லாது, வீடு பிள்ளைகள் மூவருக்கும் பொது என்றார்.

பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்த தம்பி என்னைப் பார்த்தான். "ஊருக்கே பாடம் சொல்ற வாத்தியாரு, இதை யார்கிட்டயாவது கேக்கக் கூடாதாண்ணே? சரி, பத்திரம் எழுதச் சொல்லுங்க. என் பங்கும் அக்காவுக்குத்தான்."

தலைகுனிந்தபடி நானும் என் பங்கை எழுதிக் கொடுத்தேன்.

பிறகு, வக்கீலை வீட்டுக்கே வரவழைத்து என் உயிலை எழுதினேன். சொத்தில் பங்கில்லாத அண்டை வீட்டார் இருவர் சாட்சி. அன்று மேரி சிரித்தாள். "நான் அடுப்படியிலயே இருக்கேண்ணே. பேனாவை என் பக்கம் நீட்டிடாதீங்க."