கையுறை நடந்த படம்

பதினாலு வருசம் ஒஸ்லோவிலை ஒரு ஆஸ்பத்திரியின்ரை நிலத்தைத் துடைச்ச மனுசி மரியரஞ்சனி. கடைசியிலை முதுகு இனி ஏலாது எண்டு சொல்லிப்போட்டுது. புருசெத் எண்ட பகுதியிலை, வீட்டிலை இருந்து பத்து நிமிச நடையிலை, ஒரு பாலர் பள்ளியிலை பதில் ஆள் தேவை எண்டு கேள்விப்பட்டு ஓடிப்போய்ச் சேந்தா. 2006 மாசி மாதக் கடைசி வெள்ளி வரைக்கும்தான் வேலைக் கடதாசி. அதுக்குப் பிறகு நிரந்தரமோ, திரும்பவும் துடைப்பமோ எண்டு பொறுப்பாளர் இங்கெர் சொல்லவேணும்.

இங்கெர் நல்ல மனுசி. நல்ல மனுசியள் சொல்லுறதுதான் கூடச் சுடும்.

"பிள்ளையளுக்கு உம்மிலை நல்ல விருப்பம், ரஞ்சனி. ஆனால் சாம்லிங்கிலை ஒருத்தரும் இருக்கினம் இல்லையே" எண்டா.

சாம்லிங் எண்டால் பிள்ளையள் வட்டமா நிலத்திலை இருந்து கதை கேக்கிற நேரம். ரஞ்சனியின்ரை நோர்வீஜியன் வாளியோடை படிச்ச நோர்வீஜியன். ஈரம், கவனம், வழுக்கும். இதை வைச்சு ஆர்தான் ஒரு நரிக்கதை சொல்லேலும்? மூண்டாவது வசனத்திலை ஒருத்தன் எழும்புவான், பிறகு பதினெட்டுப் பிள்ளையளும் எழும்பிவிடுவினம்.

"கடைசி வெள்ளி சாம்லிங்கை நீர் தனிய எடும். அதைப் பாத்து முடிவு சொல்லுறன்" எண்டு இங்கெர் சொல்லிப்போட்டா.

அந்தப் பள்ளியிலை ஒரு பெட்டி இருந்தது. பிள்ளையள் துலைக்கிற கம்பளிக் கையுறையள் அதுக்குள்ளைதான் வந்து சேரும். சோடி இல்லாத ஒத்தையளே முப்பதுக்கு மேலை. ஆற்றையெண்டு தாய் தேப்பனிட்டைக் காட்டுறதுக்கு, ஒவ்வொண்டா மேசையிலை வைச்சுப் படம் எடுக்கச் சொல்லிச்சினம். ஸ்தவாங்கரிலை இருக்கிற தமையன் அல்பிரட் நத்தாருக்குக் குடுத்த டிஜிட்டல் கமராவை ரஞ்சனி கொண்டு போனா. ஒரு சிவத்தக் கையுறை நேரா நிக்கேல்லை. ஒருக்கா எடுத்து, கொஞ்சம் தள்ளி எடுத்து, இன்னும் தள்ளி எடுத்து, நாலைஞ்சு தரம்.

வீட்டை வந்து எடுத்ததுகளைப் பாப்பம் எண்டு பொத்தானை கெதியா அமத்தினா.

கையுறை நடந்தது!

"என்ரை மாதாவே!" எண்டு கமராவை மேசையிலை வைச்சுப்போட்டா. திரும்ப எடுத்து அமத்தினா. திரும்பவும் நடந்தது. ஒரு நாளும் அசையாத கம்பளித் துண்டு, தன்ரை பாட்டிலை, ஒரு சின்னப் பிள்ளை தத்தித் தத்திப் போறமாதிரிப் போகுது. ரஞ்சனிக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. நாற்பத்தாறு வயசிலை இப்பிடி ஒரு அதிசயம் தன்ரை கையாலை நடக்கும் எண்டு அவ நினைக்கவே இல்லை.

கடைசி வெள்ளி சாம்லிங்குக்கு இதுதான் கதை எண்டு, பள்ளியிலை கேட்டுக் கையுறைப் பெட்டியை வீட்டை கொண்டுவந்து, சனிக்கிழமை குசினி மேசையிலை தொடங்கினா. கமராவை ஒரு பானைக்கு மேலை வைச்சு, ரேப்பாலை இறுக்கி ஒட்டி, கையுறையை ஒரு விரலளவு நகத்தி, ஒரு கிளிக். திரும்ப ஒரு விரலளவு, ஒரு கிளிக். பின்னேரம் பாத்தா, யன்னல் வெயில் படத்துக்குப் படம் மேசையிலை ஓடித் திரியுது. ஒரு நாள் வேலை அவ்வளவும் பாழ். ஞாயிறு பூசையாலை வந்து, திரைச்சீலையை இழுத்துமூடி, பிளாஷை நிப்பாட்டி, ஒரேயொரு மேசை விளக்கை வைச்சு முதலிலை இருந்து தொடங்கினா.

புருசன் மகேசன் பஸ் ஓட்டி முடிச்சு வந்தார். "இஞ்சரும், என்ன விசர் பிடிச்சிட்டுதோ? தேத்தண்ணியும் இல்லையோ?"

"மேசையிலை முட்டாதேங்கோ! முட்டினியளெண்டால் எல்லாம் பாழ்!"

மனுசன் சுவரோடை ஒட்டி நண்டு மாதிரிப் போய்த் தானே தேத்தண்ணி ஊத்தினார். இருநூறு படம். கொம்பியூட்டரிலை படங்களைக் கோத்தா, ஒண்டுக்கு ஒரு செக்கனின்ரை எட்டிலொரு பங்கு. ரெண்டு நாள் பாடுபட்டதுக்கு வந்தது வெறும் இருபத்தஞ்சு செக்கன். ஆனால் அந்த இருபத்தஞ்சு செக்கனை மகேசன் பதினொரு தரம் பாத்தார், தேத்தண்ணி ஆறிப்போச்சு.

திங்கட்கிழமை பள்ளிக் கதவிலை ரஞ்சனி ஒரு அறிவித்தல் ஒட்டினா. எங்களுக்குச் சுவரிலை தொங்கினாலும் படம், தியேட்டரிலை ஓடினாலும் படம். மனசு "பிள்ளையளுக்குப் படம்" எண்டு சொல்ல, கை "வெள்ளி: பில்டெ" எண்டு எழுதிப்போட்டுது. நோர்வேக்காரருக்கு பில்டெ எண்டால் போட்டோ மட்டும்தான்.

வெள்ளி காலமை கதவு திறந்தால், பிள்ளையள் எல்லாம் மாப்பிள்ளை பொம்பிளை மாதிரி வருகினம். தலை தண்ணி பூசி இழுத்திருக்கு. ஒருத்தனுக்குக் கழுத்திலை வண்ணத்திப்பூச்சி ரை. ஒருத்திக்கு நோர்வேக்காரர் திருநாளுக்குப் போடுற புனாட் உடுப்பு, வெள்ளிக் கொளுக்கியளோடை. தாய் தேப்பன் எல்லாரும் "வடிவா எடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு வேலைக்குப் போட்டினம்.

இங்கெர் அறிவித்தலைக் கழட்டிக்கொண்டு வந்தா. "ரஞ்சனி, என்ன இது? போட்டோக்காரர் ஆர்?"

ரஞ்சனியின்ரை முகத்திலை ஈயாடேல்லை. வேலை போச்சு எண்டுதான் நினைச்சா. பிள்ளையளை கொம்பியூட்டருக்கு முன்னாலை இருத்தி, படத்தைப் போட்டா.

பெட்டியிலை இருந்து ஒரு சிவத்தக் கையுறை எட்டிப் பாத்தது. வெளியிலை வந்து அங்கை இஞ்சை தன்ரை சோடியைத் தேடிச்சுது. பின்னாலை ஒவ்வொண்டா முப்பதும் வந்து வரிசையா நடந்துதுகள். பதினெட்டு வாய் பிளந்தபடி. படம் முடிஞ்சுது. ரைகட்டினவன் மெல்ல எழும்பிப் போய் அந்தப் பெட்டிக்குள்ளை எட்டிப் பாத்தான், உயிர் கிடக்கோ எண்டு. பிறகுதான் "திரும்ப! திரும்ப!" எண்டு கூரை பறந்தது.

"சரி, ஆனால் பின்னேரம் தாய் தேப்பன் போட்டோ கேட்டால்?" எண்டா இங்கெர்.

ரஞ்சனி பிள்ளையளைப் பாத்தா. கையுறை நடந்தமாதிரி இதுகளும் படத்திலை நடக்குமே! எப்பிடி எடுத்தது எண்டு காட்டக் கொண்டுவந்த பானையை, ஒட்டின கமராவோடை தூக்கி அலுமாரியிலை வைச்சு, பதினெட்டையும் வரிசையா நிப்பாட்டி, "ஸ்தில்லெ!" எண்டா. அசையாதையுங்கோ எண்டு அர்த்தம். கிளிக். அரை அடி முன்னுக்கு. "ஸ்தில்லெ!" கிளிக். ஒரு கதைக்கு மூண்டு நிமிசம் இருக்காத பிள்ளையள், மூக்கும் சொறியாமல் அரை மணித்தியாலம் நிண்டுதுகள். நடுவிலை ரெலிபோன் எடுக்கப் போன இங்கெரைப் பாத்து ஒருத்தி "ஸ்தில்லெ, இங்கெர்!" எண்டு கத்த, அவவும் ஒரு காலைத் தூக்கினபடி அப்பிடியே நிண்டா.

ரஞ்சனி கமராவிலை பொத்தானை அமத்திக் காட்டினா. புனாட்டும் ரையும் போட்ட பதினெட்டுப் பேர் கால் தூக்காமல் நிலத்திலை வழுக்கி வழுக்கிப் போகினம், பின்னாலை ஒத்தைக் காலிலை இங்கெர். இங்கெர் வாயைப் பொத்திக்கொண்டு பாத்தா. அவவின்ரை கண்ணும் பிள்ளையளின்ரை கண் மாதிரியே பெரிசாகிக் கிடந்தது.

"திங்கட்கிழமை பனிக்குள்ளை வைச்சு எடுப்பம், ரஞ்சனி. தடிச்ச சப்பாத்தோடை வாரும்."

"திங்கட்கிழமை எனக்கு இஞ்சை வேலை இல்லை, இங்கெர். கடதாசி இண்டையோடை முடியுது."

"இருபத்திரண்டு வருசமா இஞ்சை நிக்கிறன். இதுகளை அரை மணித்தியாலம் நிப்பாட்டி வைக்க எனக்கு ஒருநாளும் ஏலேல்லை. வேற கடதாசி எழுதுறன், அதிலை முடிவுத் திகதி இல்லை. வருவீரோ?"

நன்றி எண்டதுக்கு நோர்வீஜியன் சொல்லை ரஞ்சனி தேடினா. ஈரம் வந்தது, கவனம் வந்தது, அது மட்டும் வரேல்லை. கண்ணாலை தண்ணி ஓட ஓட, "ஓம்" எண்டா. "ஓம், ஓம், ஓம்."