எட்டாவது நட்சத்திரம்

அமீர்பேட்டில் நான் குழாய் போடாத ஹாஸ்டல் ஒன்றைக் காட்டுங்கள், பார்ப்போம். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனாலும் ஒரு பாடத்தில் நான் பள்ளிக்கே முதல்: கை கழுவுவதில். போன வாரம் என் பேத்தி, லீவில் காலேஜ் பிள்ளைகளோடு வெளிநாடு போய்ப் பள்ளிக்கூடங்களில் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கப் போவதாகச் சொன்னாள். "அதுல ஏழு நட்சத்திரம் வாங்கினவன் நான்" என்றேன். அவள் நம்பவில்லை.

லாலாகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்தது எங்கள் பள்ளி. அம்மா அங்கே ஆயா. பள்ளிக்குள் குழாய் கிடையாது. இரண்டு தெரு தள்ளியிருந்த பொதுக்குழாயில் வரிசை நின்று, ஆறு நடை சுமந்து ஒரு டிரம்மை நிரப்புவாள். அன்றைக்குப் பள்ளி முழுக்கக் குடிக்க அதுதான் தண்ணீர்.

நான் மூன்றாவது படித்தபோது வெள்ளைக்கார மாணவர்கள் ஐந்து பேர் ஒரு வாரம் வந்திருந்தார்கள். பல் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் நெட்டையாக ஒரு அக்கா. வெயிலில் மூக்கு சிவந்து கிடக்கும். கை கழுவும் பாடம் அவளுடையது. விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒரு பாட்டு முடியும்வரை சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். சரியாகக் கழுவினால் சட்டையில் பொன் நிற நட்சத்திரம் ஒன்று ஒட்டுவாள். ஒருவனுக்கு ஒன்றுதான் என்று யாரும் சொல்லவில்லை. நான் சும்மா இருப்பேனா? வரிசையின் கடைசிக்கு ஓடி ஓடி ஏழு தடவை கழுவினேன்.

மதியத்துக்குள் டிரம் காலி. பிள்ளைகள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு நிற்க, பெரிய சார் அம்மாவைக் கூப்பிட்டு எல்லார் எதிரிலும் எங்கள் ஊர் உருதுவில் கத்தினார். "கல் பீ ஐசாச் ஹுவா தோ ஆனா நக்கோ!" நாளைக்கும் இப்படி ஆனால் வேலைக்கு வராதே என்று அர்த்தம். அந்த அக்கா, சோப்பு நுரை காயாத கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அம்மா பன்னிரண்டு நடைக்குத் துணிந்துவிட்டாள். குழாயடியில் சும்மா விடுவார்களா?

"ஏம்மா, ஸ்கூல்ல கல்யாணமா? குடம் குடமா கொண்டு போறியே!"

"பிள்ளைங்க கை கழுவுதுங்க, அக்கா."

"அப்ப எங்க பிள்ளைங்க மூஞ்சி கழுவ வேணாமா?"

அப்போதுதான் அந்த நெட்டை அக்கா அங்கே வந்து நின்றாள். நிரம்பிய குடத்தைத் தூக்கினாள். பாதி அவள் மேலேயே கொட்டியது. பெண்கள் சிரித்தார்கள்.

"நக்கோம்மா, நக்கோ, இடுப்பு ஒடிஞ்சிடும்!" என்று அம்மா பதறினாள். அவள் விடவில்லை. மூன்று நடை சுமந்தாள்.

அன்றிலிருந்து சட்டம் மாறியது. நாலு பிள்ளைகளுக்கு ஒரு செம்பு. ஏற்கெனவே நட்சத்திரம் வாங்கியவனுக்கு இனி இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"நீதானே போட்டுக் கொடுத்தே?" என்று அம்மாவிடம் பாய்ந்தேன்.

"அவ பாஷை எனக்குத் தெரியுமாடா?" என்றாள் அம்மா.

கடைசி நாள். டப்பாவில் ஒரே ஒரு நட்சத்திரம் மிச்சம். துவைக்கவே விடாத என் சட்டையை நீவிவிட்டு முன்னால் போய் நின்றேன். அந்த அக்கா என்னைத் தாண்டிப் போனாள். டிரம் பக்கத்தில் கவிழ்த்திருந்த அம்மாவின் குடத்தைக் கைக்குட்டையால் துடைத்து, அந்த நட்சத்திரத்தை அதன் கழுத்தில் ஒட்டினாள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஒரு தடவைகூட வரிசையில் நின்று கை கழுவாதவளுக்கு நட்சத்திரமா? அம்மா வகுப்புகளைப் பூட்டப் போனதும் நகத்தால் சுரண்டி எடுத்து என் சட்டையில் ஒட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை குடத்தை எடுத்த அம்மா, அதன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள். கிட்டே வந்து, பிரிந்திருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டாள்.

"எட்டு ஆயிடுச்சா?"

"எட்டு" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் குழாயடிக்குப் போனாள். அம்மாவை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பேத்தியிடம் ஏழு என்றுதான் சொல்லியிருக்கிறேன். எட்டு என்று சொல்ல வாய் வரவில்லை.